முன்பக்கத்துக்கு வந்த மூலை

சோப்பைத் தொட்டிருக்கவே கூடாது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்த ஒன்றரை முழ இடத்தில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த செண்பகவல்லி இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே வெயிலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின் மேல் பட்டுப் பாவாடையை விரித்து, பச்சை நிறம் வெளுத்துவிடக் கூடாதே என்று கனமான துவாலையைப் போர்த்தி, கீழ்ப்பட்டையில் கறை பட்ட இடத்தை மட்டும் வெளியே விட்டிருந்தாள். ஆபரேஷன் அறையில் நோயாளியை முழுக்க மூடி, அறுக்க வேண்டிய இடத்தை மட்டும் திறந்து வைப்பார்களே, அந்த மாதிரி. மணி ஒன்று நாற்பது. மாசி மாதம், கோவில்பட்டி வெயிலுக்கு அது தெரியாது. மகள் மதிவதனி பள்ளிக்கூடத்திலிருந்து நாலேகாலுக்கு வந்துவிடுவாள், பத்தாம் வகுப்பு என்பதால் சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ். ஆறு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். அதற்குள் கறை போக வேண்டும். பன்னிரண்டே முக்கால் வரை அது வெறும் மஞ்சள் கறை, கட்டைவிரல் நகம் அளவு, கிட்டே போய்ப் பார்த்தால் தெரிகிற இளமஞ்சள். அப்படியே விட்டிருக்கலாம். விடாமல் துணி சோப்பை எடுத்து நாலு தேய்ப்புத் தேய்த்தாள். மறு நொடி அது சிவந்தது. பழுப்பு இல்லை, ஆரஞ்சு இல்லை, நல்ல செங்கல் சிவப்பு. பத்தொன்பது வருஷமாக மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் அவள். வருஷா வருஷம் ஜூலை மாதம் வடிதாளை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து உலர்த்தி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்து, சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைக்கச் சொல்லி, அது சிவப்பதைப் பார்த்து அவர்கள் வாய் பிளப்பதை ரசிக்கிறவள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அமிலம் பட்டால் பழையபடி மஞ்சளாகும். ஐந்து மதிப்பெண் கேள்வி. கேள்வித்தாளில் வந்திருந்தால் ஐந்தும் வாங்கியிருப்பாள். குளியலறையில் வந்ததால் சைபர். பதினைந்து வயதுப் பெண்ணின் பாவாடையில் முன்பக்கத்தில் சிவப்பாக ஒரு திட்டு. அதைப் பார்க்கிற அத்தைமார்களின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்த மாத்திரத்தில் ஓடிப்போய் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு மஞ்சளாகத் திரும்பிவிட்டது. வேதியியல் வாக்குத் தவறவில்லை. ஆனால் நகம் அளவு இருந்தது இப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பரவியிருந்தது. மஞ்சளை வெயில் தின்னும், அதுவும் அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரத்தில் தின்னும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை.

பாவாடை மதிவதனியுடையது இல்லை, நிவேதாவுடையது. நிவேதா, செண்பகவல்லியின் கணவர் சொக்கலிங்கத்துக்கு அண்ணன் மகள். இன்று சாயங்காலம் அவளுக்குத்தான் நிச்சயதார்த்தம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் சடங்குக்கு எடுத்த பாவாடை இது: கிளிப்பச்சை உடம்பு, ஒரு சாண் அகலத்துக்கு அரக்கு பார்டர். பொங்கலுக்கு மறுநாள் பெரிய வீட்டுக்குப் போயிருந்தபோது, நிவேதாவின் அம்மா விஜயராணி அக்கா அதை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு, கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கொண்டுவந்து மதியின் மடியில் வைத்தாள். "ஒரே தடவை கட்டுனது பாத்துக்கோ. என் மக நிச்சயத்துல நீ இதைக் கட்டிட்டு நிக்கணும். பெரியம்மாவுக்கு ஒரு ஆசை." கட்டளை என்றால் தட்டிக் கழித்திருக்கலாம். ஆசையை என்ன செய்வது? ஆசைக்கு எதிர்ப்பேச்சு இந்தக் குடும்பத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சொக்கலிங்கம் கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அதனால் அண்ணி ஆசைப்பட்டால் அவருக்குச் சாப்பாட்டு நினைவு வந்துவிடும். "அண்ணி ஆசையாச் சொல்லுதாங்க" என்றார், ஏதோ மற்றவர்களுக்குக் காது கேட்காதது போல. மதி வாயைத் திறக்கவில்லை. பைக்கில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து வீடு வருகிற வரைக்கும் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "நான் அதைக் கட்ட மாட்டேன். அது அவங்க வீட்டுச் செவத்துல தொங்குது." உண்மைதான். நிவேதா அந்தப் பாவாடையோடு நிற்கிற சடங்குப் படத்தைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் நுழைந்ததும் முகத்தில் அடிக்கிற இடத்தில் மாட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிற நாற்பது பேருக்கு அந்தப் பாவாடை, சொந்தக்காரர்களில் ஒருவர் மாதிரி. பேர் சொல்லிக் கூப்பிடாததுதான் குறை.

ஒரு வாரம் பேச்சு இல்லை. பிறகு மதி நிபந்தனை சொன்னாள்: ஒருத்தரும் கண்டுபிடிக்கக் கூடாது, ஒருத்தர்கூட, அப்படியென்றால் கட்டுவேன், இல்லாவிட்டால் வயிற்றுவலி என்று சொல்லிவிடுங்கள், நான் வரவில்லை. இங்கேதான் செண்பகவல்லிக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. விஜயராணி அக்கா பார்த்ததும் அது நிவேதாவின் பாவாடை என்று தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆசை நிறைவேறாது. மற்ற முப்பத்தொன்பது பேர் பார்த்தால் தெரியவே கூடாது, இல்லையென்றால் மகள் வர மாட்டாள். ஒரே துணி, ஒரே மண்டபம், ஒரே வெளிச்சம். இப்படி ஒரு கணக்கை எந்த வாத்தியாராவது பரீட்சைக்குக் கொடுத்தால் பெற்றோர் சங்கம் கூட்டம் போட்டுக் கேட்கும். யோசித்து யோசித்து அவள் கண்ட வழி, பார்டரை எடுத்துவிடுவது. ஜனங்களுக்குப் பட்டில் ஞாபகம் இருப்பது பார்டர்தான், உடம்பு இல்லை. இரண்டு மீட்டர் ராசில்க் பட்டுத் துணி வாங்கி வந்தாள், ஹாஃப் ஒயிட். பாதி வெள்ளை என்றால் மீதிப் பாதி என்ன நிறம் என்று கடைக்காரரிடம் கேட்டு அவரை அழவைத்த பிறகு. அதற்கப்புறம் இரண்டு சாயங்காலம் பிரிப்பு வேலை. உள்ளே ஃபால்ஸ், லைனிங், பிள்ளை வளர வளர இறக்கிவிட என்று பிடித்த இரண்டு டக், எல்லாவற்றையும் அரை பிளேடை வைத்து ஒவ்வொரு தையலாக அறுத்தாள். அந்தக் காலத்துத் தையல்காரர் யாரோ, தன் தையலை உலகம் முடிகிற வரை ஒருத்தரும் பிரிக்கக் கூடாது என்று சபதம் போட்டுத் தைத்திருந்தார். இழை வரும், வரும், வந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஒரு இடத்தில் சிக்கி நின்றுவிடும்; இழுத்தால் பட்டு சுருங்கும், விட்டால் வேலை நடக்காது. பிறகு கத்தரி. அரக்கு பார்டர் தறியிலேயே சேர்த்து நெய்தது, பிரிக்க முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினாள், எதற்குச் சாத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு மூலக்கூறில் ஒரே ஒரு அணுவை எடுத்துவிட்டு வேறு அணுவை வைத்தால் பெயர் மாறும், குணம் மாறும், அது வேறு பொருள், பழைய பொருளோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. துணிக்கு ஏன் அப்படி ஒரு சட்டம் இல்லை? அடியில் ஒரு சாண் மாற்றினால் போதுமா, கால்வாசி மாற்ற வேண்டுமா, பாதிக்கு மேல் மாற்றினால்தான் புதுசா? அப்படி யோசித்துக்கொண்டே புதுத் துணியை விரித்தவள், கத்தரியை வைப்பதற்கு முன்னால், மஞ்சள் தூளை ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, துணியின் மூலையில் வைத்தாள். மூளை யோசித்துக்கொண்டிருந்தது, கை வைத்துவிட்டது. புதுத் துணி என்றால் மஞ்சள் வைக்காமல் கத்தரி படக் கூடாது, கட்டக் கூடாது. யாரும் சொல்லித் தந்ததில்லை, யாரையும் கேட்டதுமில்லை. அது மூலைதானே, மடிப்புக்குள் போய்விடும் என்று விட்டுவிட்டாள். அப்புறம் துணியை நீளவாக்கில் பட்டை பட்டையாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, வளைத்துப் பாவாடையின் அடியில் பிடித்துத் தைத்தாள். வளையம் போல் சுற்றி வருகிற ஒன்றுக்கு மூலை கிடையாது. முதுகலை படித்த மூளைக்கு அது இன்று மதியம் இஸ்திரிப் பெட்டியை வைக்கும்போதுதான் உறைத்தது. மூலை நேராக முன்பக்கத்துக்கு, நட்ட நடுவுக்கு வந்து நின்றிருந்தது.

தொட்டி நிழல் நகர்ந்துவிட்டது. நாற்காலிகளை இழுத்து வெயிலுக்குள் தள்ளினாள். குனிந்து பார்த்தாள். வெளுத்திருக்கிறதா? வெளுத்த மாதிரித்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் வெளுத்த மாதிரித்தான் இருக்கும். அப்போது போன் அடித்தது, விஜயராணி அக்கா. பின்னால் மேளக்காரர்கள் ஒத்திகை பார்க்கிற சத்தம். "ஏ செண்பகம், மதி கட்டுவால்லா?" "கட்டுவாக்கா." "நீ சும்மா சொல்லுத. அவ மூஞ்சிய நான் அன்னைக்கே பாத்தேன். பழசுன்னு நினைக்காளோ?" "அதெல்லாம் இல்லக்கா, படிப்பு, பரீட்சை, அதான்." "எனக்கும்தான் பரீட்சை. மாப்பிள்ளை வீட்டுல எண்பது பேரு வாரதா சொன்னவங்க இப்பம் நூத்தி இருபதுங்காங்க. சரி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நிவேதா பொறந்ததுல இருந்து எடுத்த போட்டோ எல்லாம் வாசல்ல ஸ்டாண்டு போட்டு வச்சிருக்கோம். இப்பம் எல்லா கல்யாண வீட்லயும் அப்படித்தான வைக்காங்க. அந்தப் பெரிய சடங்கு போட்டோவையும் கழட்டிக் கொண்டாந்துட்டோம். நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. அது பக்கத்துல மதிய நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கணும், கேமராக்காரர்ட்ட சொல்லியாச்சு." செண்பகவல்லி "சரிக்கா" என்றாள். போன் வைக்கப்பட்ட பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிவேதா அந்தப் பாவாடையோடு கதவு உயரத்தில் நிற்பாள், பக்கத்தில் மதி அதே பாவாடையோடு நிற்பாள், நூற்று இருபது பேர் சந்தனம் எடுத்துக்கொண்டு அந்த வழியாக உள்ளே போவார்கள். சரி, பார்டர் இருக்கிறது. படத்தில் அரக்கு பார்டர், மதியின் காலில் ஹாஃப் ஒயிட். வேறு வேறு என்றுதானே தோன்றும். படத்தில் பார்டர் தெரியுமா? அங்கே போய் நினைப்பு சிக்கி நின்றது. படம் முழு உருவமா, முழங்காலோடு வெட்டியதா? ஒன்பது வருஷம், வருஷத்துக்கு ஐந்து தடவை என்றாலும் நாற்பத்தைந்து தடவை அந்தப் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாள். நிவேதாவின் நெற்றிச்சுட்டி ஞாபகம் இருக்கிறது. கையில் பூச்செண்டு. பின்னால் மயில் வரைந்த திரை. இடுப்பு ஒட்டியாணம். அதற்குக் கீழே? அதற்குக் கீழே சோபாவின் முதுகு. சோபாவின் முதுகு மறைத்த இடத்தில் படம் முடிந்துவிட்டதா, தொடர்கிறதா? முழங்காலோடு முடிகிறது என்றால் படத்தில் வெறும் கிளிப்பச்சைதான் இருக்கும், மாற்றாமல் விட்டிருக்கிற கிளிப்பச்சை. அப்படியானால் இரண்டு சாயங்காலப் பிரிப்பு, கத்தரி, ராசில்க், கறை, வெயில், எல்லாம் யாரும் பார்க்காத ஒரு பகுதிக்குச் செய்த அலங்காரம்.

சொக்கலிங்கத்தைக் கூப்பிட்டாள். அவர் காலையிலிருந்தே மண்டபத்தில் பந்தி மேற்பார்வையில் இருந்தார். "வாசல்ல நிவேதா போட்டோ வச்சிருக்காங்களாம், போய்ப் பாருங்க, அது முழுசா இருக்கா, பாதியா இருக்கான்னு." "எது?" "சடங்கு போட்டோ. கால் தெரியுதான்னு பாருங்க." "யாரு காலு?" "நிவேதா காலுதான், வேற யாரு காலு." "இப்பம் எதுக்கு அவ காலு? இங்க வாழையிலை இன்னும் வந்து சேரல, பாயசத்துக்கு முந்திரிய யாரோ எடுத்துத் தின்னுட்டாங்க." "தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் போய்ப் பாருங்க." நடக்கிற சத்தம், யாருக்கோ வணக்கம் சொல்கிற சத்தம், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நின்று ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்று விசாரிக்கிற சத்தம். பிறகு, "பாத்துட்டேன்." "என்ன?" "நல்லா இருக்கு. நிவேதா நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருக்கா." "கால் தெரியுதா?" "கீழ எல்லாம் பூவா வச்சு அடுக்கியிருக்காங்கம்மா. சாமந்தி. நல்ல அடர்த்தியா. போட்டோ எங்க முடியுது, பூ எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல." இதைச் சொல்லிவிட்டு, ஒரு பெரிய உதவி செய்த நிம்மதியோடு போனை வைத்துவிட்டார். இருபது வருஷத்துக்கு முன்னால் இவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோதும் வீட்டில் கேட்டதற்கு "நல்லாச் சிரிச்சா" என்றுதான் சொன்னாராம். உயரம் என்ன, நிறம் என்ன, படிப்பு என்ன, ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அப்போது அது செண்பகவல்லிக்குப் பெருமையாக இருந்தது. சாமந்திப் பூ எவ்வளவு நேரம் அப்படியே அடுக்கின மாதிரி இருக்கும்? சின்னப் பிள்ளைகள் பிய்க்காமல் விடுவார்களா? பூ மறைத்தால் யாருக்கும் பார்டர் தெரியாது, அதாவது பச்சை மட்டும் தெரியும், அதாவது மோசம். பூ விலகினால் பார்டர் தெரியும், அதாவது நல்லது. படம் முழுசாக இருந்தால். மறுபடியும் அங்கேயே.

இவ்வளவும் எதற்கு? ஒரு பாவாடைதானே, ஒரு சாயங்காலம்தானே, பதினைந்து வயதுப் பிள்ளை நாலு மணி நேரம் கூச்சப்பட்டால் என்ன, உருகிப்போய்விடுவாளா? இதை மற்றவர்கள் சொன்னால் செண்பகவல்லிக்குப் பதில் தெரியும். எட்டாம் வகுப்பில் அவளுக்கு வந்த யூனிஃபார்ம் பக்கத்துத் தெருவில் படிப்பை முடித்துவிட்டுப் போன ஒரு பெண்ணுடையது. கழுத்துப் பட்டியின் உள்பக்கம் அழியாத மையில் அமலி என்று எழுதியிருந்தது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அதனால் என்ன என்றுதான் இருந்திருக்கும். மூன்றாம் நாள் விளையாட்டு வகுப்பில் குனிந்தபோது பட்டி மடிந்து வெளியே வந்துவிட்டது. பின்னால் நின்ற ஒருத்தி வாசித்தாள். டீச்சரிடம் சொல்லக்கூட இல்லை, சும்மா வாசித்தாள், அமலி என்று. யாரும் கேலி செய்யவில்லை. சத்தியமாகக் கேலி செய்யவில்லை, அதுதான் இன்றைக்கும் விளங்காதது. அவர்கள் பாட்டுக்கு அன்றையிலிருந்து அவளை அமலி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், பிரியமாகவே, பரீட்சைக்குப் பென்சில் கடன் கேட்கும்போதும், பிறந்த நாளுக்கு மிட்டாய் கொடுக்கும்போதும். பத்தாம் வகுப்பு முடிகிற வரை அவள் அமலிதான். மையை அழிக்க எலுமிச்சம்பழம் தேய்த்தாள், சுண்ணாம்பு தேய்த்தாள், மண்ணெண்ணெய் தேய்த்தாள். எது எதில் கரையும், எது எதில் கரையாது என்கிற விஷயத்தில் அவளுக்கு அக்கறை வந்தது அங்கேதான் என்று சில சமயம் தோன்றும், அப்படியென்றால் சம்பளத்தில் ஒரு பங்கு அமலிக்குப் போக வேண்டும். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அடித்தார்களா, திட்டினார்களா? ஒரு வேறு பேரைச் சொல்லி நன்றாகத்தானே பழகினார்கள். மதிக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதில்லை. ஆனால் தன்னைப் போல நாற்பத்து மூன்று வயதில் மதி ஏதாவது ஒரு மாடியில், ஏதாவது ஒரு மத்தியானத்தில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நிவேதாவின் படத்துக்குப் பக்கத்தில் தன்னை நிறுத்திப் போட்டோ எடுத்த சாயங்காலத்தை நினைப்பாளா? நினைத்தால் அதில் அம்மா எங்கே நிற்பாள்? கையில் கத்தரியோடு பக்கத்தில் நிற்பாளா, அல்லது "சரிக்கா" என்று போனில் சொன்ன இடத்திலா?

"டீச்சர், யாருக்கு வைத்தியம்?" என்று குரல் வந்தது. பக்கத்து மாடியில் லூர்து அக்கா காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "மஞ்சள் பட்டுருச்சுக்கா, பட்டுல." "சோப்பு கீப்பு போட்டுறாதீங்க, செவந்துரும்." செண்பகவல்லி துவாலையின் ஓரத்தைச் சரிசெய்தாள். லூர்து அக்கா கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். "போட்டுட்டீங்களோ?" "ம்." "எங்க மக ஜெனிக்கு நீங்கதான அந்தப் பேப்பர வச்சுச் செஞ்சு காட்டுனீங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் மஞ்சப் பொடி டப்பாவ ஒளிச்சு வைக்க வேண்டியதாப் போச்சு." "ஞாபகம் இருக்குக்கா." "படிச்சவங்கதான் டீச்சர் இப்படிச் செய்வாங்க. எங்கள மாதிரி ஆளுக பயந்துகிட்டுத் தொடாம இருந்துருவோம்." அது உண்மையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "ஒண்ணு செய்யுங்க, அது மேல ஒரு பூ வச்சுத் தச்சிருங்க. துணியில வெட்டி." நல்ல யோசனை மாதிரித்தான் கேட்டது. ஆனால் முன்பக்கத்தில் ஒற்றைப் பூ இருந்தால் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நடிக்கிற பிள்ளை மாதிரி இருக்கும். பூவுக்குத் துணையாக இரண்டு பூ வைக்க வேண்டும். முன்னால் மூன்று பூ இருந்துவிட்டுப் பின்னால் வெறுமையாக இருக்க முடியாது, சுற்றிலும் வைக்க வேண்டும்; சுற்றளவு ஆறு முழம், முழத்துக்கு நாலு பூ என்றால் இருபத்து நாலு, மணி மூன்றே கால். "நேரம் இல்லக்கா." "அப்படின்னா வெயிலையே நம்புங்க. எங்க வீட்டுல இந்தத் தொல்லையே இல்ல, நாங்க புதுத்துணிக்குச் சிலுவை போட்டுக்கிடுதோம், கறை படாது." லூர்து அக்கா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அந்த மனுஷியிடம் கோபப்படவும் முடியவில்லை. வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. செண்பகவல்லி நாற்காலிகளை மூன்றாவது தடவையாக நகர்த்தினாள். கறை இப்போது பழைய புத்தகத் தாளின் நிறத்துக்கு வந்திருந்தது. தெரியாதவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவள் தெரிந்தவள், அதனால் அவளால் எதுவும் சொல்ல முடியாது. துவாலையைத் தூக்கிப் பச்சையைப் பார்த்தாள், தூரத்திலிருந்து பார்த்தாள், மேஸ்திரி சுவரைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நிவேதா நெற்றிச்சுட்டியோடு அதற்குள்ளிருந்து சிரித்தாள். பார்டர் போயும் போகவில்லை. கட்ட மாட்டாள், கண்டிப்பாகக் கட்ட மாட்டாள், வயிற்றுவலிதான், விஜயராணி அக்கா கேமராக்காரரை நிறுத்தி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எம்மா, இங்க என்ன செய்த? கீழ கதவு தொறந்து கிடக்கு." மதி பையைக்கூட இறக்காமல் மாடிப்படியில் நின்றாள். செண்பகவல்லி எழுந்தாள். எழுந்த வேகத்தில் வாளி உருண்டு போனது. மதி கிட்டே வந்து துவாலையை முழுவதும் விலக்கிவிட்டுப் பாவாடையைக் கையில் எடுத்தாள். கீழ்ப்பட்டையை விரலால் தடவினாள். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள்.

"இது என்ன, மஞ்சளா?"

"போயிரும். இன்னும் அரை மணி நேரம் வெயில் இருந்தா போயிரும்."

"எதுக்குப் போகணும்?"

"முன்னாடி நடுவுல இருக்குட்டி. எல்லார் கண்ணும் அங்கதான் போகும்."

"போகட்டும்." மதி பாவாடையை இடுப்பில் வைத்துப் பார்த்தாள். "எம்மா, நீ கல்யாண வீட்டுல அத்தைமாரு கூட உக்காந்ததே இல்லையா? வந்ததும் மூஞ்சியப் பாப்பாங்க. அப்புறம் கழுத்து. அப்புறம் குனிஞ்சு பாவாடையில மஞ்சள் இருக்கான்னு பாப்பாங்க. இருந்தா புதுசு, அதோட விட்டுருவாங்க. இல்லைன்னாத்தான் யாரோடது, எங்க பாத்தோம்னு யோசிக்க ஆரம்பிப்பாங்க. நீ என்னடான்னா மத்தியானம் பூரா உக்காந்து அதைப் போய் அழிச்சிருக்க."

செண்பகவல்லிக்கு ஒரு கணம் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "வாசல்ல அந்த போட்டோ வச்சிருக்காங்களாம்" என்றாள். "அது முழுசா, பாதியா, எனக்கு ஞாபகம் வரமாட்டேங்கு."

"முழுசு. சோபாவுக்குப் பின்னால உக்காந்தா கொலுசு தெரியும். எடது கால் கொலுசுல ஒரு முத்து இல்ல. பார்டர்ல அன்னப்பட்சி, வலமிருந்து எண்ணுனா பதினொண்ணு, கடைசிது மடிப்புக்குள்ள போயிரும்." வீட்டுப் பாடத்தை ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். அந்த வீட்டில் அவள் எப்போதும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று செண்பகவல்லி நினைத்திருந்தாள். எத்தனை தீபாவளி, எத்தனை பொங்கல் உட்கார்ந்து எண்ணியிருப்பாள்? எந்த வயதிலிருந்து?

"பெரியம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"பெரியம்மாட்ட மேல காட்டுவேன், இடுப்புக்கிட்ட. உங்க பாவாடைதான் பெரியம்மா, கீழ கிழிஞ்சிருந்துச்சு, அம்மா மாத்துனாங்கன்னு சொல்லுவேன். அத்தைமாரு கேட்டா கீழ காட்டுவேன்."

"கிழியவே இல்லையேட்டி."

"அது உனக்கும் எனக்கும்தான தெரியும்."

பொய் சொல்லக் கூடாது என்கிற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம். வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. எந்தக் கூச்சம் மகளை அண்டக் கூடாது என்று இரண்டு சாயங்காலமும் ஒரு மத்தியானமும் செண்பகவல்லி காவல் இருந்தாளோ, அது எப்போதோ உள்ளே வந்து, உண்டு உறங்கி, வளர்ந்து, இப்போது வாய்ச்சாலகமாகப் பேசிக்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கீழே இறங்கினார்கள். மதி முகம் கழுவி, பாவாடையைக் கட்டி, நாடாவை இறுக்கி, அடுப்படிக்குள் போனாள். டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. "இரு, நான் வைக்கேன்" என்று செண்பகவல்லி போவதற்குள் வெளியே வந்துவிட்டாள், ஆள்காட்டி விரலில் குழைத்த மஞ்சளோடு. குனிந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்து, வெளிறிப்போயிருந்த அந்த இடத்துக்கு மேலேயே, பழையதை மறைக்கிற அளவுக்கு, கொஞ்சம் கோணலாக வைத்தாள். நிமிர்ந்து அறைக்குள் போய்க் கண்ணாடி முன்னால் நின்று தாவணியை எடுத்தாள்.

"ஆமா அத்தை, புதுசு" என்றாள் கண்ணாடியிடம். வேகம் கூடிவிட்டது, அவளுக்கே தெரிந்தது, உதட்டைச் சுழித்துக்கொண்டாள். மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை சிரிப்பு அதிகம், கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்கிற சிரிப்பு. தாவணிக்கு மடிப்பெடுத்தாள். மூன்றாவது தடவை தாவணி முனையை இடுப்பில் செருகிக்கொண்டே, யாரோ பின்னாலிருந்து கேட்டதற்குப் பாதிக் கவனத்தில் பதில் சொல்வது போல, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செண்பகவல்லிக்கே அது புதுசு என்றுதான் பட்டது.